சௌங் திறக்கிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் சேராவிட்டால் தேவாலயம் சிமெண்டுக் கிடங்காகிவிடும். தலைமைச் சபையில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். பர்மாவின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி, நூற்றைம்பது வயதைத் தாண்டி நிற்கும் கட்டடம் அது. சபைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போன பிறகு கதவைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கொடுங்க ஐயா, ஜனங்க வராங்களா இல்லையான்னு பாருங்க" என்று மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் புஷ்பலதா. தையல் கடைக்காரி. கல்யாணம் நடந்ததும் அங்கேதான், புருஷனை வழியனுப்பியதும் அங்கேதான். அந்த இடத்தில் சிமெண்டு மூட்டை அடுக்குவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வாரம் முழுக்க உள்ளே குப்பை அள்ளினாள். நிலநடுக்கம் வந்தபோது, கூரைக்கு அடியில் அறைந்திருந்த பலகைத் தட்டி மொத்தமும் பெயர்ந்து விழுந்து கிடந்தது. அதை அப்புறப்படுத்தவே ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெளியே வேலை பார்க்க நேரமில்லாததால், பேனர் அடிக்கும் நசீரைப் போனில் பிடித்தாள்.

"பாய், ஞாயித்துக்கிழமை சௌங் திறக்குறோம்னு பர்மிய பாஷையில பெரிசா போடு. காணிக்கைப் பேச்சே வேணாம். யாரு வேணும்னாலும் வரலாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் லதாக்கா. நானே சந்தை முக்குல கட்டிடறேன்" என்றான் நசீர்.

ஞாயிறு காலை, துடைத்த கையோடு வாசலுக்கு வந்த புஷ்பலதா அசந்துபோனாள். தெரு நிறைய ஜனம்! அம்மாக்கள், அப்பாக்கள், கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசிய பிள்ளைகள். 'ஆண்டவரே, கண் திறந்துட்டீரே' என்று நெஞ்சில் கை வைத்தாள். கூட்டம் கிட்டே வந்தபோதுதான் பிள்ளைகளின் தோளில் தொங்கிய புத்தகப் பைகள் கண்ணில் பட்டன. கையில் சோற்றுத் தூக்கு வேறு.

முன்னால் வந்த ஒரு தாய் பர்மிய மொழியில் கேட்டாள். "சயாமா எங்கே?"

சயாமா என்றால் ஆசிரியை. புஷ்பலதா கூட்டத்தின் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற நசீரைத் தனியே இழுத்தாள்.

"பேனர்ல என்ன பாய் எழுதுன?"

"நீ சொன்னதுதான். சௌங் திறக்குது, காசு வேணாம், பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க."

"பயா எங்கே பாய், பயா?"

நசீர் நாக்கைக் கடித்துக்கொண்டான். பர்மியர்களுக்குத் தேவாலயம் 'பயா சௌங்'. பயா என்றால் கடவுள். அந்தத் தெருத் தமிழர்கள் சோம்பல்பட்டு அதை வெறும் 'சௌங்' ஆக்கிவிட்டிருந்தார்கள். பர்மியர் காதில் வெறும் சௌங் விழுந்தால் அது பள்ளிக்கூடம்!

"கடவுளையே விட்டுட்டியே பாய்!"

"நீ எப்பக்கா பயாவை வாயால சொன்னே? நானும் நீ பள்ளிக்கூடம் திறக்குறேன்னுல்ல நினைச்சேன்! நாங்க தொழுறது பள்ளிவாசல், பசங்க படிக்கிறது பள்ளிக்கூடம். நம்ம தமிழ்லயே ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தானே கிடக்கு?"

திட்டுவதற்குள் கார் வந்து நின்றது. தலைமைச் சபைப் போதகர் ஞானமுத்து ஐயா இறங்கினார். பின்னாலேயே, அளவு நாடாவும் கையுமாக, சிமெண்டு வியாபாரி மாரிச்சாமி.

"இவ்வளவு பேரா!" போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எல்லாரும் நம்ம ஜெபத்துக்கா வந்திருக்காங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும், தேவாலயம் பிழைத்துவிடும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே பையை இறுக்கிப் பிடித்து நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

"இல்லீங்க ஐயா. பள்ளிக்கூடம்னு நினைச்சு வந்துட்டாங்க. பேனர்ல தப்பு."

மாரிச்சாமி குலுங்கிச் சிரித்தார். "அப்போ இது கணக்குல சேராதுங்க. சாவியை வாங்கிக்கலாமா?"

அந்த ஜனங்கள் எல்லாம் ஊர்விட்டு ஊர் வந்து, ரயில் பாதையோரம் வாடகை அறைகளில் ஒண்டியிருப்பவர்கள். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிழல்லயாவது உட்கார்ந்துட்டுப் போகட்டும்" என்று புஷ்பலதா கதவை அகலத் திறந்தாள்.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே கால் வைத்ததும் அத்தனை இரைச்சலும் அடங்கிப்போனது. எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது.

ஆற்றோரத்தில் கவிழ்த்துப் போட்ட பெரும் படகின் வயிற்றுக்குள் நிற்பதுபோல் இருந்தது. வளைந்து வளைந்து ஏறி உச்சியில் கைகோத்துக்கொண்ட தேக்கு விட்டங்கள். குறுகலான ஜன்னல்களில் நுழைந்த வெயில் தேக்கில் பட்டுத் தேன் நிறமானது. புஷ்பலதா பிறப்பதற்கு முன்பே பலகைத் தட்டி அடித்து மறைத்த கூரை. அவள் வாரம் முழுக்கக் குனிந்தே பெருக்கியவள். இப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

முன்னால் உட்கார்ந்த ஒரு சிறுமி, பாடம் தொடங்கிவிட்டது என்றே முடிவு செய்தாளோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு பர்மிய அரிச்சுவடியை ஆரம்பித்தாள்.

"கஜீ... ககுவே..."

அந்தக் குஞ்சுக் குரல் மேலே போனது. விட்டங்களைத் தொட்டு, பருத்து, கனிந்து, திரும்பி வந்து எல்லார் தலையிலும் இறங்கியது. சிறுமி மிரண்டு நிறுத்தினாள். பிறகு சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

புஷ்பலதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டடம் வாய் திறந்து பாடியது! கல்லும் மரமும் பாடுமா? பாடியது. வாசலில் நின்ற அம்மாக்கள், ஏதோ புத்தர் கோவிலில் நிற்பதுபோல், தங்களையறியாமல் கை கூப்பினார்கள். நசீர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். மாரிச்சாமி இழுத்த நாடாவை அப்படியே பிடித்தபடி நின்றார்.

ஞானமுத்து ஐயா தூணைப் பிடித்துக்கொண்டார். "இளம் வயசுல இங்கேதான் பிரசங்கம் பண்ணேன் புஷ்பா. மைக் வச்சாலும் பின்வரிசைக்குக் கேட்காது. தொண்டை சரியில்லைன்னு கஷாயமா குடிச்சுத் தள்ளுனேன். பலகை அடிச்சு மூடி வச்சிருந்தோம்மா... இதை நாமே மூடி வச்சிருந்தோம்."

"ஐயா, நம்ம பேச்சு..." என்று மாரிச்சாமி மெல்ல ஆரம்பித்தார்.

"சிமெண்டு மூட்டை பாடுமா மாரிச்சாமி?"

மாரிச்சாமி குனிந்து, தன் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"ஜெபம் நடக்கணும், அதுவும் இங்கேதான் நடக்கணும்" என்றார் போதகர். "மத்த நாள் பிள்ளைங்க படிக்கட்டும். ஆனா யாரு சொல்லிக் கொடுக்கிறது?"

புஷ்பலதா அதையே அம்மாக்களிடம் பர்மிய மொழியில் கேட்டாள். பின்னால் நின்ற ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "நான் எங்க ஊரில் சயாமாவாக இருந்தேன்" என்றாள். அவளுக்கு வழிவிட்டுக் கூட்டம் ஒதுங்கியது.

ஞானமுத்து ஐயா புஷ்பலதாவின் பக்கம் திரும்பினார். "கிழக்கு மூலையில ஓடு உடைஞ்சிருக்கு, பார்த்தியா? மழைக்கு முன்னாடி மாத்திடணும். தலைமைச் சபையில நான் பேசிக்கிறேன். அப்புறம், அந்த ஜன்னல்..."

ஆசிரியை சொல்லிக் கொடுத்த முதல் வரியைப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். போதகர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்.