வெள்ளைத்தாய் வீடு வடக்கே போனது

வெள்ளைத்தாயின் வீடு நாளுக்கு ஒரு முழம் வடக்கே நகர்ந்தது. அவள் பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் தொடங்கியது அது. வீடு தனியாகப் போகவில்லை. அரை ஏக்கர் கரிசல், இரண்டு வேப்பமரம், ஏழு ஆடு, கணவர் பெத்தணன் என்று எல்லாமுமாகத்தான் போனது. முன்னால் இருந்த புறம்போக்கு முள்ளுக்காடு சத்தமில்லாமல் அந்த நிலத்துக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் விழுந்த பிளவில் தண்ணீர் ஊறி, வருடத்துக்கு வருடம் நீண்டு, கெண்டை மீனும் வந்துவிட்டதால் அச்சங்குளத்திலிருந்து ஆட்கள் தூண்டிலோடு வரத் தொடங்கினார்கள். கிணறு சரிபாதியாகப் பிளந்து ஒரு பாதி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இரண்டு பாதியையும் பார்த்து, கல்லுக்குக் கல் பொருந்துகிறதா என்று மனதுக்குள் ஒட்டிப் பார்ப்பார்கள். பொருந்தும்.

ஆறாவது வருடம் பத்தாம் வகுப்புக்கு வந்த மகள் பாண்டிமீனா மட்டும் புவியியல் பாடத்தைப் படித்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டாள். "இந்தியாவே வருசத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர்தாம்மா வடக்க போகுது. நம்ம வீட்டுக்கு என்ன அம்புட்டு அவசரம்?"

வெள்ளைத்தாய் வேலைக்குச் சேர்ந்தபோது ஆலை நேர் வடக்கே ஒரு கிலோமீட்டரில் இருந்தது. கம்பெனி வேன் ரோட்டைச் சுற்றிப் போனதால் இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு சீசனுக்கும் ஆலைச் சங்கு வீட்டில் கொஞ்சம் உரக்கக் கேட்டது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஆவணியில் சோதனைக்கு வந்த அதிகாரி டேப்பைப் பிடித்தபோது, மருந்து கலக்கும் அறைக்கும் வெள்ளைத்தாயின் அடுப்புக்கும் நடுவே விதிப்படி இருக்க வேண்டிய தூரத்தில் ஐந்தடி குறைந்தது. ஒரு பொறி பறந்தால் இரண்டு பக்கமும் மிஞ்சாது. அதிகாரி தன்மையான மனிதர். வீடு நகர்கிறது என்று சொன்னதும் மறுக்காமல், எந்தத் திசையில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, மூன்று மாதத்துக்குள் வீட்டை இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆலையின் லைசென்ஸ் ரத்தாகும் என்றார். அவளோடு நாற்பத்தாறு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஒருத்தியும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

"வீட்டக் கொஞ்சம் நிக்கச் சொல்லிப் பாருங்க மதினி," என்றார் போர்மேன் அருள்பாண்டி, கேலியில்லாமல்.

பெத்தணன் டிராக்டர் சங்கிலி வாங்கி வந்து வீட்டுத் தூணை வேப்பமரத்தோடு இறுக்கிக் கட்டினார். வேப்பமரமும் அதே நிலத்தில்தான் நிற்கிறது என்பது மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது.

ஆலை நின்ற இடம் அடிவரைக்கும் பாறை. முள்ளுக்காட்டைப் போல அடியில் நுழைய அது ஒப்பவில்லை. வெள்ளைத்தாயின் நிலமும் தாழ்ந்து போக ஒப்பவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மண் நெருக்குண்டு, சுருட்டித் தள்ளிய பாய் போல மடிந்து எழும்பியது. புரட்டாசியில் முழங்கால் உயரம், தீபாவளிக்கு ஆள் உயரம், கார்த்திகையில் ஆலைக் கூரைக்கும் மேலே. வீடு நின்றுவிட்டது. உச்சியில் ஆடுகள் கடல் சிப்பிகளைக் கிளறிப் போட்டன. பாண்டிமீனா ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். இமயமலையிலும் இப்படிக் கிடைக்கும் என்று சொல்லி புவியியல் டீச்சர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

கெடு முடிந்து வந்த அதிகாரி மேட்டின் மேல் இரண்டு தடவை சறுக்கி விழுந்து, மூன்றாம் தடவை ஏறிவிட்டார். நடுவில் கூரையைவிட உயரமாக மண்மேடு இருந்தால் பாதித் தூரமே போதும், வீடும் இருக்கலாம், ஆலையும் ஓடலாம் என்றார். ஒரு சிக்கல்தான். படிவத்தில் 'மேட்டை அமைத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தானாக வந்தது என்று அதில் எழுத முடியாது.

ஆடு மேய்க்கையில் அப்பா தரையோடு பேசுகிறார் என்று மகள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, வெள்ளைத்தாய் கணவரைப் பார்த்தாள். பெத்தணன் ஆட்டைப் பார்த்தார்.

"ஏங்க, உள்ளதச் சொல்லுங்க. இந்த மண்ணுகிட்ட என்ன சொன்னீக?"

"பெருசா ஒண்ணுமில்ல. நீ வேலைக்குப் போனதுலேர்ந்து மத்தியானச் சோறு தனியா எறங்கலன்னு தெனமும் சொல்லுவேன். அம்புட்டுத்தான்."

அதிகாரி கட்டத்தில் பெத்தணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு வருடமாக அதை மண்ணிடம் சொன்ன மனிதர் தன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று வெள்ளைத்தாய்க்குக் கோபம் வந்தது. சிரிப்பும் அழுகையும் கூடவே வந்தன.

இப்போது மத்தியானச் சங்கு ஊதியதும் அவள் வடக்கிலிருந்து மேட்டில் ஏறுகிறாள். அவர் தூக்குவாளியோடு தெற்கிலிருந்து ஏறுகிறார். மேடு வருடத்துக்கு ஒரு சாண் வளர்கிறது. அதனால் பெத்தணன் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்.