ஐந்தாவது வரி

நர்ஸ் கொடுத்த தாளில் மொத்தம் ஆறு வரிகள் இருந்தன. பேக்கரிக்காரர் தன் மனைவிக்கு ஐந்தை மட்டும்தான் படித்துக் காட்டினார்.

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கேயே படியில் கால் பிசகி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டு. "மாவு பிசையிறவர் பொண்டாட்டிக்கு மாவுக்கட்டு, ரொம்பப் பொருத்தம்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளே சொல்லிச் சிரித்தாள். கட்டைப் பிரித்த பிறகு சிரிப்பு குறைந்தது. கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது.

"கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்" என்றாள். தினமும் முப்பது கிலோ மாவைப் பிசைகிற கை அது. மூன்று நாள் சாயங்காலம், எண்ணெய் போட்டு, கீழிருந்து மேலாக அழுத்தி அழுத்தி நீவிவிட்டார். அவளுக்கு வலித்தது. வலித்தால் பிடிப்பு விடுகிறது என்று அர்த்தம் என்று அவராகவே ஒரு வைத்தியம் சொன்னார். இந்த வைத்தியம் தெரியாத ஆம்பிளை உலகத்தில் எவன் இருக்கிறான்!

நான்காம் நாள் வீக்கம் முழங்காலைத் தொட்டது. டாக்டர் பார்த்தார், கட்டைவிரலால் லேசாகத் தொட்டார், முகம் மாறிவிட்டது. ஸ்கேன் எடுப்பவர்கள் அன்றைக்குப் போய்விட்டார்களாம். ரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசியைப் போட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக வரச் சொன்னார். என்ன செய்ய வேண்டும், என்ன கூடாது என்று நர்ஸ் அந்தத் தாளைக் கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், விழுந்த அன்று படிக்கும் கண்ணாடியைப் பஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டதால், மனைவி தாளை அவரிடம் நீட்டினாள்.

"தொளதொளன்னு உடுத்திட்டு வரணும், தொடை வரைக்கும் சுருட்டணுமாம். காலுல எண்ணெய், க்ரீம் எதுவும் தடவக் கூடாது. சாப்பிட்டுட்டே வரலாம், தண்ணி குடிக்கலாம். பட்டினி கிடக்கிறதெல்லாம் வயித்துக்கு ஸ்கேன் எடுக்கிறவங்களுக்குத்தான். சாப்பிடுற மாத்திரையெல்லாம் எழுதி எடுத்துட்டு வரணும்."

ஐந்தாவது வரியில் அவர் கண் நின்றது. காலை அழுத்திப் பிடிக்கவோ நீவிவிடவோ கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும், உயிருக்கு ஆபத்து.

வாய் மட்டும் தானாக அடுத்த வரிக்குத் தாவியது. "மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, உடனே வரணும். காத்திருக்கக் கூடாது."

"அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதைப் போல.

அன்று சாயங்காலமும் அவள் காலை நீட்டினாள். கை சுளுக்கிக்கொண்டது என்றார் அவர். "பொண்டாட்டி காலுன்னா மட்டும் சுளுக்கும்" என்று அவள் கேலி செய்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார், இரண்டு தடவையும் மென்று விழுங்கினார். சொன்னால் அவள் பயப்படுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பொய். நீதான் என்னைக் கொன்றாய் என்பதைப் போல அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்தான் பயந்தார்.

காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது நான்காவது படியில் அவள் நின்றாள். "கால் வலி" என்றாள். கால் வலிக்கிறவள் வாயைத் திறந்துகொண்டு காற்றைத் தேட மாட்டாள். அவர் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஆட்டோக்காரரைத்தான் வேகமாகப் போகச் சொல்லி உயிரை வாங்கினார்.

ஸ்கேன் அறை சின்னது. திரையின் வெளிச்சம்தான் பாதி விளக்கு. ஸ்கேன் எடுக்கும் பெண் கலகலப்பானவள். "பயப்படாதீங்கம்மா, குத்துறது எதுவும் கிடையாது. ஜெல் மட்டும் சில்லுனு இருக்கும். சார், நீங்களும் உக்காந்து பாருங்க."

கருவியைத் தொடையிடுக்கில் வைத்தாள். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன.

"துடிக்குது பாருங்க, இது ரத்தம் கொண்டு வர்ற குழாய். பக்கத்துல இருக்கிறது திருப்பி எடுத்துட்டுப் போற குழாய். நான் அழுத்தினா இது மூடிக்கணும். மூடினா உள்ள அடைப்பு இல்லன்னு அர்த்தம்."

அழுத்தினாள். வட்டம் வாயை மூடிக்கொண்டது. கொஞ்சம் கீழே, மறுபடி மூடியது. பேக்கரிக்காரருக்கு மூச்சு வந்தது. ஒவ்வொரு தடவையும் தன் உதட்டையும் சேர்த்து மூடினார். தொடை நடுவில் மூடியது. இவ்வளவு லேசான சங்கதிக்கா ராத்திரி முழுக்கப் புரண்டோம் என்றுகூட நினைத்துவிட்டார்.

முழங்காலுக்குப் பின்னால் வட்டம் மூடவில்லை.

அந்தப் பெண் கருவியை நேராக்கி இன்னொரு தடவை அழுத்தினாள். வட்டம் அப்படியே இருந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது.

"அழுத்தாதீங்க!" அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அழுத்தினா போயிடும்! நுரையீரலுக்குப் போயிடும்!"

"சார், கையை விடுங்க. நான் எங்க அழுத்தணுமோ அங்க, ஒரு நொடிதான் அழுத்துறேன். போயிடும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"தாள்ல போட்டிருந்துச்சு. நேத்து படிச்சேன். இவகிட்ட சொல்லல." பிடியை விட்டார். "மூணு நாள் பிடிச்சு விட்டேம்மா. மாவு பிசையிற மாதிரி. நான்தான்."

மனைவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் பயந்த பார்வைதானா அது என்று தெரிந்துகொள்ளக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

"அம்மா, மூச்சு வாங்குதா?" என்றாள் அந்தப் பெண், கருவியை எடுத்துவிட்டு.

"இல்லையே."

"வாங்குது" என்றார் அவர். "காலைல படியில நின்னா. கால் வலின்னு பொய் சொன்னா. நானும் கேக்கல."

அதற்கு மேல் அறையில் யாரும் நிதானமாக நடக்கவில்லை. விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் மாட்டினார்கள். டாக்டர் ஓடி வந்தார். சக்கர நாற்காலி வந்தது, நெஞ்சு ஸ்கேன் என்றார்கள், கதவு மூடியது. பேக்கரிக்காரர் தாழ்வாரத்தில் சுவரோடு நின்றார். யாரோ உட்காரச் சொன்னார்கள், காதில் விழவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார்.

"வலது நுரையீரல்ல ரெண்டு சின்ன ரத்தக்கட்டி இருக்கு. மருந்து ஆரம்பிச்சாச்சு. நீங்க மூச்சு வாங்குறதைச் சொல்லலைன்னா மாத்திரை எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அடுத்த ரெண்டு நாள் ஜாக்கிரதையா பாக்கணும்."

"என் கையாலதான் போச்சா?"

"தெரியாது. கட்டு போட்டிருந்தப்பவே கட்டி உருவாகியிருக்கும். நீங்க தொடாட்டாலும் போயிருக்கலாம். தொட்டதால போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். ஒரு வார்த்தை பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்தது. பிறகு, நேற்றிலிருந்து தானும் அதைத்தானே செய்தோம் என்று உறைத்தது.

உள்ளே, மூக்கில் குழாயோடு அவள் படுத்திருந்தாள். அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு கட்டி என்பதை, இரண்டு நாளை, யாராலும் சொல்ல முடியாது என்பதை, அதுவும் டாக்டர் சொன்ன அதே வார்த்தைகளில். அவள் கடைசி வரை கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார், கேலி செய்தாலும் போதும் என்று காத்திருந்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"எனக்கும்" என்றார்.