ரஸாக்கிடம் கேட்காத கடிதம்

வெள்ளிக்கிழமை ஸம்ஹாவுக்கு நிக்காஹ். பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து மாப்பிள்ளையின் பள்ளிக்குக் கடிதம் போனால்தான் காரியம் நடக்கும். உம்மா மஹ்மூதாவிடம் அந்தக் கடிதம் தவிர மற்ற எல்லாம் தயார்.

கற்பிட்டிப் பள்ளித் தலைவர் நெய்னார் நல்ல மனிதர்தான். ஆனாலும் நீங்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிச் சனம், அங்கே சொந்தப் பள்ளியில் கேட்பதுதான் முறை என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மஹ்மூதா மன்னாருக்குப் போனாள். பிறந்த ஊர்ப் பள்ளியில் அவளோடு குர்ஆன் ஓதியவன்தான் இப்போது பொறுப்பு. நீங்கள் புத்தளம் மாவட்டத்து ஆட்களாகி இருபத்து மூன்று வருசமாச்சே என்று அவனும் கையை விரித்தான். அரசாங்கக் கச்சேரியில் கேட்டால், சண்டை முடிந்து நாலு வருசம், இனி அகதி என்று யாருமே இல்லையாம். அட அல்லாஹ்வே, அப்படியானால் இவள் யாராம்? இங்கேயே பிறந்த ஸம்ஹாவுக்கோ அகதி என்பது பஸ் நிற்கும் இடத்தின் பெயர். ‘அகதி முகாமடி இறக்கம்’ என்று நடத்துநரிடம் சாதாரணமாகச் சொல்வாள்.

திரும்பும் பஸ்ஸில் மஹ்மூதா கண்ணயர்ந்தாள். வண்ணாத்திவில்லுக் காடு வெயிலில் மெல்ல மிதந்து போயிற்று. பக்கத்து இருக்கையில் ரஸாக் வந்து உட்கார்ந்தான், மௌத்தாகி மண்ணுக்குள் போய் எட்டு வருசமான அவள் புருசன். சாரம் நனைந்திருந்தது, களப்புத் தண்ணீர் மணத்தது. எங்கே போய் வருகிறாய் என்று கேட்டான். கடிதத்துக்கு அலைவதைச் சொன்னாள்.

“என்ட மையத்த அடக்க ஆரும் கடிதம் கேக்கல்லியே,” என்று சிரித்தான்.

விழித்தபோது வெளியே உப்பு வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே நெய்னார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“கபுறுக் குழிக்குள்ள எறங்கி அவர வாங்கினது நீங்கதான், நானா. அன்டைக்கு மன்னார்க் கடிதம் கேட்டீங்களா?”

நெய்னார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: ‘எமது ஊர் மர்ஹூம் ரஸாக்கின் மகள் ஸம்ஹா.’

வழியெல்லாம் அதை வாசித்துக்கொண்டே நடந்தாள். எமது ஊர். கபுறுக்குள் போனவனுக்கு ஊர் கிடைத்துவிட்டது, அவனால் மகளுக்கும் கிடைத்தது. தன் பேர் எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஊர்க்காரியாவதற்கு நானும் மௌத்தாக வேண்டும் போல என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகாமடிக்கு வந்து சேரும்போது அழுதுகொண்டிருந்தாள்.