பதினேழாவது ஜன்னல்

எஜமான் சர் ஜெர்வேஸ் இறந்த அன்று காலையில், பணிப்பெண் ஆக்னஸ் தர்ல்பி, வீட்டு முகப்பின் திரைகளையெல்லாம் இறக்கினாள். துக்க வழக்கப்படி, அடக்கம் முடியும்வரை அவை ஏறக்கூடாது. பதினெட்டு வருடமாகத் திரைகள் அவள் பொறுப்பு. மற்ற நாட்களில் வெயில் நகர நகர அறை அறையாக ஓடி இறக்குவாள். தவறினால் பட்டு நாற்காலிகள் வெளுத்துவிடும்.

பதினொரு மணிக்கு அவர் மனைவி லேடி ரோசமண்ட் புல்வெளியிலிருந்து விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் வந்தாள்.

"தர்ல்பி! மேல்மாடில கடைசி ஜன்னல், அந்தப் பதினேழாவது, திரை பாதி ஏறிக் கெடக்கு. இன்னிக்குக்கூடவா சோம்பேறித்தனம்?"

"அது இறங்காதும்மா."

"என்ன பேச்சு இது? வா, நானே இறக்குறேன்."

"நல்லா பலமா இழுங்கம்மா," என்று சமையற்காரி மிஸஸ் பன்டிங் மாவு பிசைந்தபடியே முணுமுணுத்தாள்.

மணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் லேடி வேலைக்காரர் அறைகளுக்கு ஏறும் பின்படியில் கால் வைத்ததில்லை. ஆக்னஸ் தன் அறையைத் திறந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதிரே வெறும் சுவர்.

"ஜன்னல் எங்க?"

"வெளிய மட்டும்தாம்மா. வரைஞ்சது."

ஜன்னல் எண்ணி அரசு வரி வாங்கிய காலத்தில் செங்கல் வைத்து அடைத்தது. முகப்பு பிசகக்கூடாதென்று கண்ணாடியும் பாதித் திரையும் மேலே தீட்டிவிட்டார்கள். வரி போய் எண்பது வருடமாகியும் யாரும் திறக்கவில்லை.

யாராவது ஒருநாள் இதைப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கியவள்தான் ஆக்னஸ். பார்த்துவிட்டபோது, ஏனோ தானே திருடி அகப்பட்டதுபோல் கூசினாள்.

"திறந்துவிடச் சொல்லி அவர்கிட்ட கேக்கலயா?"

"ஒருதடவ கேட்டேம்மா. வீட்டோட முகத்துல கை வைக்கக் கூடாதுன்னாரு."

லேடி கட்டிலில் உட்கார்ந்தாள். "என்கிட்டயும் அதான் சொல்வாரு. என்ன நடந்தாலும் முகம் மாறக்கூடாது, ரோசமண்ட்," என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. காலையிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. ஆக்னஸ் கதவைச் சாத்திவிட்டு, அருகில் நின்றாள்.

போகும்போது லேடி சொன்னாள்: "அடக்கம் முடியட்டும்."

அந்த வீட்டில் 'முடியட்டும்' என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை. ஆக்னஸ் நம்பவில்லை. ஆனால் திரைகள் ஏறிய மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். வாரக் கடைசியில் கண்ணாடியும் திரையும் போட்டாயிற்று.

வெளிச்சத்தில் ஆக்னஸ் முதலில் பார்த்தது தன் நீலப் படுக்கைவிரிப்பை. எவ்வளவு திரை இறக்கியும் வீட்டில் எல்லா நீலமும் மங்கிக்கிடக்க, வெயிலே படாத இது மட்டும் வாங்கிய நாள்போல் அப்படியே இருந்தது. கை பழக்கத்தில் திரைக்கயிற்றுக்குப் போனது.

இழுக்கவில்லை. வெளுத்தால் வெளுக்கட்டும் என்று நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள்.