இடது தோள் வெளிறின கவுன்

நாள் முழுக்க ஊரார் காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அக்காவுக்குச் சட்டை மாட்டிவிட வேண்டும். எட்டு மாதமாகக் குட்டியின் பிழைப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. குட்டி என்றதும் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி, செருப்புக் கடையில் பதினோரு வருஷ உத்தியோகம். அக்கா அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டாள், அவ்வளவுதான்.

அக்கா பூகோள டீச்சர். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. நடை திரும்பிவிட்டது. வாயும் திரும்பிவிட்டது, முன்னைவிட ஒரு பங்கு கூடுதலாகவே. இடது கை மட்டும் வரவில்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது லீவு முடிந்துபோயிற்று. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

"நானே உடுத்திக்கிட்டுத்தான் போவேன்" என்றாள் அக்கா. "தங்கச்சி உடுத்தி அனுப்புற டீச்சரா கிளாஸுக்குள்ள நுழைய மாட்டேன். முடியலைன்னா இருக்கவே இருக்கு." மேஜை இழுப்பறையைத் தட்டிக் காட்டினாள். உள்ளே ராஜினாமாக் கடிதம், கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. தேதி மட்டும் காலி.

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். ஒற்றைக் கையால் புடவை கட்ட முடியாது. தலை வழியாகப் போடுகிற எதுவும் அக்காவுக்கு ஆகாது. முதுகில் ஜிப் வைத்ததும் ஆகாது. அக்காதான் பழைய புத்தகக் கடையில் ஒரு தையல் பத்திரிகையைப் பிடித்தாள். முன்பக்கம் முழுசாகத் திறந்து, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் கவுன், அந்தக் காலத்து மாடல். அகலக் காலர், குடை மாதிரிப் பாவாடை, தோளோடு சேர்ந்த தொளதொளக் கை. படத்தில் ஒரு சீமாட்டி கையுறை மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இந்தம்மாவுக்கு இடுப்பே இல்லையேக்கா. சாப்பிடுறதெல்லாம் எங்க போகுது?"

"அதை அவ புருஷன்கிட்ட கேட்டுக்கலாம். நீ பேட்டர்னைப் பிரி."

பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்த அந்த வெட்டு மாதிரியைப் பிரித்தால், சாப்பாட்டு மேஜையையே மூடுகிற ஒரே தாள். அதில் பத்து உடுப்புகளின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. குட்டிக்குத் தலை சுற்றியது. அக்காவுக்கோ கொண்டாட்டம். "புள்ளி வச்ச கோடு நம்மளோடது. ரயில் பாதைன்னு நினைச்சுக்கோ. விடாம பிடிச்சுக்கிட்டே போ." குட்டி படியெடுக்க, அக்கா வலது கையால் தாளை அழுத்திப் பிடித்தாள். இடது கையையும் தூக்கி ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள். "சும்மாதானே இருக்கு. பேப்பர் வெயிட்டாவாவது இருக்கட்டும்."

துணி, ஜவுளிக் கடையில் மிஞ்சின ஒரு துண்டு. கருநீலத்தில் வெள்ளைப் பொட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சு. கடைக்காரரிடம் அதற்கு மேல் ஒரு முழம்கூட இல்லை. வியாழக்கிழமை செருப்புக் கடையில் நின்று நின்று நொந்துபோய் வந்த குட்டி, அன்றைக்கே வெட்டியும் விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மேல் பாகத்து முன்துண்டுகள் இரண்டையும் முதுகோடு சேர்த்து ஊசி குத்தப் போனால், ஒன்று ஒழுங்காக உட்கார்ந்தது. இன்னொன்று எப்படித் திருப்பினாலும் முரண்டு பிடித்தது. குட்டி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தின. ஐயையோ! வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று இருக்க வேண்டியது, இரண்டுமே வலப்பக்கம். துணி பத்தாதே என்று மடிக்காமல் விரித்துப் போட்டு வெட்டியிருந்தாள். இரண்டாவது தடவை பேட்டர்னைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டும். களைப்பில் அப்படியே நகர்த்தி வைத்து வெட்டிவிட்டாள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்தரிக்கோலை மேஜையில் போட்ட சத்தத்தில் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

"என்னாச்சுடி?"

"எல்லாம் போச்சு. ரெண்டும் ஒரே பக்கம். வேற துணியும் கிடையாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எனக்கு முடியலைக்கா. கடையிலயும் குனியுறேன், இங்கயும் குனியுறேன். தினம் தினம் உனக்கு உடுத்தி உடுத்தி எனக்கு வெறுத்துப்போச்சு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தெரியும்டி" என்றாள். "தெரியாமலா இந்த வயசுல கவுன் போட ஆசைப்படுறேன்?"

அக்கா அந்த உபயோகமில்லாத துண்டை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தன் இடது தோளில் போட்டுக்கொண்டாள். வளைவு சரியாக உட்கார்ந்தது. அச்சு மட்டும் உள்ளே போய், வெளுத்த பின்பக்கம் தெரிந்தது.

"இடது பக்கம் அடியிலதானே போகுது? வலது பக்கம் மேல சுத்திடும். பாக்கி என்ன தெரியும், தோளும் கையும். அந்தப் பக்கம் எனக்கே கொஞ்சம் மங்கல்தானே? பொருத்தமா இருக்கும், தை."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியாக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டி ஊசியில் நூல் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிஷின் ஓடியது. படத்துச் சீமாட்டி இடுப்பில் நாடா முடிச்சுப் போட்டிருந்தாள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியுமா? அங்கேதான் செருப்புக் கடை கைகொடுத்தது. லேஸ் கட்டத் தெரியாத வாண்டுகளுக்கும் குனிய முடியாத பெரியவர்களுக்கும் குட்டி எடுத்துக் கொடுப்பது, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோப் பட்டை வைத்த செருப்பு. அடி பிய்ந்து திரும்பி வந்த ஜோடிகளின் பட்டைகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். உள்ளே வலது இடுப்பில் ஒன்று, வெளியே இடது இடுப்பில் ஒன்று. வெளிப்பட்டையின் மேல் முன்கூட்டியே கட்டின ஒரு பொய் முடிச்சைத் தைத்துவிட்டாள். பார்த்தால் சீமாட்டியின் முடிச்சேதான்.

திங்கட்கிழமை காலையில் அக்கா கவுனோடு அறைக்குள் போனாள். "கதவைத் தொட்டே, கொன்னுடுவேன்."

கடைக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவைத்திருந்தாள் குட்டி. மிஷின் ஸ்டூலைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தாள். விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும், அது ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. பிறகு துணியை முதுகைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும், அங்கேதான் நழுவும். உள்ளே ஏதோ விழுந்தது. ஒரு முனகல். பிறகு வெல்க்ரோ பிய்கிற சத்தம், சர்ர்ர். கோணலாக ஒட்டிவிட்டது போலிருக்கிறது. மறுபடி சர்ர்ர். இன்னொரு தடவை. ஐந்தாவது சத்தத்துக்குக் குட்டி எழுந்தே விட்டாள். கை கதவுப் பிடி வரைக்கும் போனது. இழுப்பறையில் கிடக்கும் கடிதம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையைச் சுவரில் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்றுதான் நினைத்தாள்.

கண் விழித்தபோது வெயில் தரையில் இருந்தது. கதவு திறந்து கிடந்தது. அறையில் ஆள் இல்லை. மிஷின் மேல் கத்தரிக்கோலுக்கு அடியில் ஒரு தாள், அக்காவின் கையெழுத்து.

"ஒன்பதாவது தடவை ஒட்டிடுச்சு. தூங்குறியேன்னு எழுப்பலை. இன்னும் தூங்கு."

தாளைத் திருப்பினாள். ராஜினாமாக் கடிதம். தேதி அப்படியே காலி.

குட்டி ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு மாடிக்குக் கீழே, வாசலை ஒட்டின பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பை குறுக்காகத் தொங்கியது. முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடது தோள் மட்டும் வெளிறி, இங்கிருந்தே தெரிந்தது. காலர் பின்பக்கம் ஒரு ஓரமாக உள்ளே மடிந்து கிடந்தது. ஒரு நிமிஷ வேலை. இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். எட்டு மாதப் பழக்கத்தில் கை தானாகவே ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டுவிட்டது.

பஸ் வந்தது. அக்கா வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். பஸ் போய்விட்டது.

கடிகாரத்தைப் பார்த்தாள். கடைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யாருக்கும் எதையும் மாட்டிவிட வேண்டாத ஒரு மணி நேரம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"காலர் உள்ள போயிருக்கு, மகராசி" என்று ஜன்னலிடம் சொல்லிவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள்.