மேலாளரின் மீசை

ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் பொட்டுக்காரர். ஒரு திரவத்தில் என்னென்ன சாயம் கலந்திருக்கிறது என்று பார்க்க, வடிதாளின் அடியில் அதைச் சின்னப் பொட்டாக வைத்து, தாளின் நுனியை மட்டும் ஸ்பிரிட்டில் நிற்க வைப்பார். ஸ்பிரிட் தாளில் மெல்ல ஏறும். போகிற போக்கில் பொட்டிலிருக்கும் சாயங்களையும் கூட்டிக்கொண்டு போகும். சுறுசுறுப்பானது உச்சிவரை ஓடிவிடும், சோம்பேறி பாதியிலேயே உட்கார்ந்துவிடும். அதுவரை ஒட்டி உறவாடியதெல்லாம் தனித்தனி நிறமாகப் பிரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பொய் அறிக்கையில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்ற கர்வமும் உண்டு. பாராட்டுதான் கிடையாது. மேலாளர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவதும் குழாயில் பால் வருவதும் ஒன்றுதான்.

குளிர்பானத்தில் கலந்திருந்த இரண்டு கள்ளச் சாயங்களை யாராலும் பிரிக்க முடியாமல் இருந்தது. பொட்டுக்காரர் மண்டையை உடைத்துக்கொண்டு பிரித்தார். மறுவாரம் நடைவழி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. 'சாயத்தைப் பிரித்துச் சாதித்த நம் மேலாளர்' என்று மேலே கொட்டை எழுத்து, கீழே மேலாளரின் மழுமழு முகம். பொட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட ஒரு மீசையை அந்த முகத்தில் வரைந்தார். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளையாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கத்தி முடித்துக் கடைசியில் பொட்டுக்காரரிடம்தான் வந்தார்.

"கறுப்பு மசின்னா எல்லாம் ஒண்ணு இல்ல, உள்ள ஒவ்வொண்ணுலயும் வேற வேற சாயம்னு நீதானய்யா சொல்லுவ? மீசை எவன் பேனான்னு கண்டுபிடி. அவன் சீட்டை இன்னிக்கே கிழிக்கிறேன். கண்டுபிடிச்சுக் குடுத்தா உதவி மேலாளர் பதவி உனக்குத்தான்."

பதவியும் தனக்கே, வேலை போவதும் தனக்கே என்று பொட்டுக்காரருக்குப் புரிந்தது. அந்தப் பதவி என்றைக்கிருந்தாலும் அவருக்குத்தான் என்று நம்பி, வீட்டுக்காரி தன் அண்ணனிடம் ஏற்கெனவே தண்டோரா போட்டு முடித்திருந்தாள். அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைக் கிசுகிசுத்தார்.

"பேனாவைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க."

"அப்புறம் அறிக்கை பொய்யாயிடுமேடி."

"மீசை வரையறப்ப இந்த நேர்மையெல்லாம் எங்கங்க போயிருந்துச்சு?"

அதற்குள் மேலாளர் தானே நேரில் வந்து ஒவ்வொருவர் பையிலிருந்தும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பொட்டுக்காரர் பையும் தப்பவில்லை.

பலகையில் தொங்கிய தாளிலிருந்து மீசையை மட்டும் அச்சுப் பிசகாமல் வெட்டியெடுத்து, துளி ஸ்பிரிட்டில் ஊறவைத்து மசியை இறக்கினார் பொட்டுக்காரர். எப்போதும் பாதியைப் பத்திரப்படுத்துவது அவர் வழக்கம்.

"என்னய்யா கஞ்சத்தனம்? எல்லாத்தையும் வை," என்றார் மேலாளர்.

வைத்தார். பக்கத்திலேயே ஒவ்வொரு பேனாவாலும் ஒரு பொட்டு. எந்தப் பொட்டு யாருடையது என்று குறிக்கப் பென்சிலைத் தேடித் திரும்பினார். அதற்குள் மேலாளர் தன் ஜம்பப் பேனாவைத் திறந்து, ஊதா மசியில் ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் 'மீசை', 'கணக்கர்', 'வாயிற்காவலர்' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், பேரை..."

"வாயை மூடு. நானும் வேதியியல் படிச்சவன்தான்."

பொட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் வாயை மூடியதில்லை.

ஸ்பிரிட் ஏறியது. பொட்டுகளுக்கு முன்னால் அது சந்தித்தது பெயர்களைத்தான். கணக்கர் கரைந்தார், வாயிற்காவலர் கரைந்தார், பொட்டுக்காரரும் கரைந்தார். அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு வரிசையும் ஊதா வெள்ளமாகப் பொங்கி, பொட்டுகளை அடையாளம் தெரியாமல் அடித்துக்கொண்டு போனது.

"எவன்யா ஆளு?"

"எல்லா வரிசையிலும் ஒரே மசிதான் தெரியுது சார்."

"யாரோடது?"

"உங்களோடது சார்."

மேலாளர் முகம் சிவந்தது. "மீசையிலயுமா?"

"மீசை வரிசையிலயும் சார். பேனாவுல எழுதினா அதுவும் சேர்ந்து ஏறிடும். பென்சில்னா கரையாது. சொல்லத்தான் வந்தேன்."

"சரி, மறுபடி செய்."

"மீசை தீர்ந்துபோச்சு சார்."

பொட்டுக்காரர் மிகப் பணிவாகக் கேட்டார், "இதை அப்படியே அறிக்கையா எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடட்டுமா சார்?"

"ஒரு மண்ணும் எழுத வேண்டாம்!" தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு மேலாளர் வெளியே நடந்தார். பொட்டுக்காரர் பின்னாலேயே போனார். வேலை தப்பியது, பொய்யும் சொல்லவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அறிவிப்புப் பலகை முன்னால் மேலாளர் நின்றுவிட்டார். மீசையை வெட்டியெடுத்த ஓட்டை வழியாகப் பலகையின் பச்சைத் துணி தெரிந்தது. அந்த மழுமழு முகத்தில் இப்போது பளிச்சென்று ஒரு பச்சை மீசை.

கோபமெல்லாம் வற்றிப்போய், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இதுக்கு அந்தக் கறுப்பு மீசையே தேவலாம்யா. எவனா இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும். என் முகத்துக்கு எடுப்பா, ரெண்டு பக்க முறுக்கும் ஒரே அளவு. என்ன கை அது!"

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து விழுந்த முதல் பாராட்டு. பொட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்து கண்ணே கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி சார்," என்றார்.