நாற்பத்து மூன்றாவது அழைப்பிதழ்

நந்தா தேவியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாப்பிள்ளை கைலாயத்தில் இருக்கிறார். வேலை கிடையாது, வீடு கிடையாது, உடம்பெல்லாம் சாம்பல். பெண்ணைக் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்வது என்று பன்சோலி ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சீராட்டி, பதினாறாயிரம் அடி உயரக் கணவாய் வரைக்கும் கூடவே நடந்துபோய், அழுதுகொண்டே விட்டுவிட்டு வருவார்கள்.

இந்தத் தடவை யாத்திரைக் கமிட்டிக்குச் செயலாளர் சுபேதார் பக்தாவர் சிங். பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எதிரி யாரும் இல்லாத ஊரில் இருக்கிறோமே என்ற குறை அவருக்கு உண்டு. ஆரம்பப் பள்ளிக்கூடச் சுவரில் காக்கித் தாளை ஒட்டி, பதினேழு நாள் பயணத்தையும் சிவப்பு மையில் வரைந்து வைத்திருந்தார். எந்த இடத்தில் தண்ணீர் உண்டு, எங்கே கிடையாது, எந்தச் சரிவுக்குக் கீழே மேளம் அடித்தால் பனி இடிந்து விழும், கடைசி ஊரைத் தாண்டித் தோல் செருப்பும் தோல் பெல்ட்டும் கூடாது என்பதால் யார் யார் கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் ஒன்றாம் வகுப்புப் பலகைகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும் என்பது சுபேதார் போட்ட சட்டம். அதை முதலில் கொண்டுவந்து நீட்டியவர் தர்வான் சிங். வயது அறுபத்தொன்று. தேவியின் குடைகளில் ஒன்றைக் கணவாய் வரை தூக்கிப்போகும் உரிமை அவர் வீட்டுக்கு உண்டு. சிறு மூங்கிலால் பின்னி, பட்டுத்துணி சுற்றி, உள்ளே தேவியின் வெள்ளி முகத்தைக் கட்டிய குடை அது. குடை இருக்கும் இடத்தில் தேவி இருக்கிறாள் என்று அர்த்தம். இதயம் நன்று, மூச்சு நன்று, முழங்கால் மிக நன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததை தர்வான் சிங் ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் பத்தொன்பதாவது விஷயம், கட்டிக்கொடுத்த பெண்களை அழைப்பது. நந்தாவும் ஊருக்கு ஒரு மகள்தான். மற்ற மகள்கள் எல்லாரும் வந்து நின்று கண்ணைக் கசக்கினால்தான் அவளுக்கும் புறப்பட மனசு வரும். ஒருத்தி விட்டுப்போனாலும் அவள் பொறுக்க மாட்டாள். முன்னொரு காலத்தில் அவளையே தாய்வீட்டார் அழைக்க மறந்துபோய், அவள் விட்ட கண்ணீரில் ஊருக்கே பஞ்சம் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போவானேன், இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண்ணை விட்டுவிட்டார்கள். கணவாயில் கல்மழை பெய்து ஏழு கூடாரம் பறந்தது. கூடவே போன சமையல் அண்டா இன்றுவரை கிடைக்கவில்லை.

அதனால் நாற்பத்து மூன்று அழைப்பிதழ் அச்சடித்திருந்தார்கள். சுபேதார் ஒவ்வொரு பெண்ணின் பெயராக வாசிக்க, அந்தந்த வீட்டு ஆண் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அப்பா, இல்லாவிட்டால் அண்ணன் தம்பி, மகள் வீட்டு வாசலுக்கே போய்க் கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எந்த மகளும் வர மாட்டாள். நாற்பத்து இரண்டு பெயரும் நல்லபடியாகப் போயின. கடைசியில் சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோதாம்பரி, மிங்காட் ஊர், தர்வான் சிங் மக" என்றார்.

தர்வான் சிங் சுவரில் இருந்த காக்கித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதை ஒட்டினார்கள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

விஷயம் ஊரறிந்ததுதான். நாலு வருஷத்துக்கு முன் மகளைக் கட்டிக்கொடுத்தபோது சீரோடு ஓர் எருமையும் கொடுத்தார். அது மிங்காட்டுக்குப் போய் ஒரே மாதத்தில் பால் வற்றிப்போயிற்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாப்பிள்ளை ஹுக்கும் சிங் பிடித்தே பார்த்துவிட்டான். பார்த்ததோடு நிற்காமல், பல் இல்லை, இது எருமை இல்லை, எருமையின் பாட்டி என்று சந்தையில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் தர்வான் சிங்குக்கு வந்த கோபத்துக்கே காரணம். அதே வேகத்தில் தேவி கோயிலுக்குப் போய், கர்ப்பக்கிருகத்து வாசற்படியில் கையை வைத்து, தேவியே என்னைக் கூட்டிக்கொண்டு போனால் ஒழிய அந்த மிங்காட் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். தேவி போகும் வழியில் மிங்காட் இல்லை. அவள் வடக்கே போகிறவள். மிங்காட் தெற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாலு மணி நேர நடை.

நாலு வருஷம் மகளும் வரவில்லை, அப்பாவும் போகவில்லை. இடையில் கோதாம்பரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து இரண்டு வயசும் ஆகிவிட்டது. தர்வான் சிங்கின் மனைவி சதேஸ்வரி எந்தச் சத்தியமும் செய்யாதவள் என்பதால் வருஷத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் அடுப்பைப் பார்த்து, குழந்தை நடக்கிறது, குழந்தைக்கு முன்பல் முளைத்துவிட்டது என்று சேதி சொல்வாள். தர்வான் சிங் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வார். ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரள்வார். அவருக்கு மகள் என்றால் உயிர். சத்தியம் என்றால் பயம். இரண்டுக்கும் நடுவே நாலு வருஷமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

கமிட்டி இதை ஒரு போக்குவரத்துப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு விவாதித்தது. அழைப்பிதழை வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். பூசாரி ஈஸ்வரி தத் தலையை ஆட்டி, அப்பன் உயிரோடும் காலோடும் இருக்கும்போது வேறு ஆள் போனால் செல்லாது என்றார். அப்படியானால் அவருக்கு முழங்கால் சரியில்லை என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்று சுபேதார் யோசனை சொன்னார். முழங்கால் மிக நன்று என்ற சர்டிபிகேட் ஏற்கெனவே கோப்பில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாற்பத்து இரண்டோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்று கேட்டவரிடம், அண்டாவை நீ வாங்கித் தருவாயா என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சதேஸ்வரி எழுந்து நின்றாள்.

"கைலாசத்துல இருக்கற மகளக் கூப்பிட இத்தன பேரு, இத்தன தாளு, இத்தன சிவப்பு மை. ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறவளக் கூப்பிட ஒருத்தருக்கும் கால் இல்ல. நல்லாருக்கு உங்க யாத்திர" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சுபேதார்தான் வழி கண்டுபிடித்தார். தேவி கூட்டிக்கொண்டு போனால் போகலாம் என்பதுதானே சத்தியம்? குடை என்பது தேவி. தர்வான் சிங் குடையோடு மிங்காட் போனால், தேவியோடு போனதாகத்தானே கணக்கு? பூசாரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். குடையை இவர் தூக்குகிறாரே, அப்போது கூட்டிப்போவது யார் என்று முணுமுணுத்தார். முன்னால் போவது குடை, பின்னால் போவது மனுஷன், முன்னால் போகிறவர்தானே கூட்டிப்போகிறவர் என்றார் சுபேதார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தர்வான் சிங்கும் கை தூக்கினார்.

மறுநாள் காலை அவர் கிளம்பினார். முதுகில் அதிரசக் கூடை, மடியில் அழைப்பிதழ், கையில் முன்பக்கம் நீட்டிப் பிடித்த குடை. சதேஸ்வரி அதிரசத்தைக் கூட்டத்துக்கு முந்தின நாளே சுட்டு வைத்திருந்தாள் என்பது கூடையைத் தூக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வழியெல்லாம் மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். நானாக வரவில்லை, தேவி கூட்டிக்கொண்டு வந்தாள். இதைச் சொன்னால் சத்தியமும் நிற்கும், மாப்பிள்ளை முன்னால் தலையும் நிமிர்ந்து நிற்கும். மனசு லேசாக இருந்தது. சுபேதாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகூட நினைத்துக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தண்டை ஒரு டீக்கடை, அதை ஒட்டிச் சின்னதாக ஒரு தேவி கோயில். கடைக்காரர் குடையைப் பார்த்ததும் ஓடிவந்து விழுந்து கும்பிட்டார். பிறகு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, பருவத்துக்கு முன்னாலேயே தேவி எங்கே கிளம்பிவிட்டாள் என்று கேட்டார்.

"மிங்காட்ல கோதாம்பரின்னு ஒரு பொண்ணு. அதக் கூப்பிடப் போறா" என்றார் தர்வான் சிங்.

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "அடப் பாவமே. அப்பன் இல்லாத பொண்ணா?"

தர்வான் சிங் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்தது.

"இருக்கான்."

"படுத்த படுக்கையா?"

"இல்ல. நல்லா மலை ஏறுவான்."

கடைக்காரர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை. தர்வான் சிங் அந்தப் பலகையிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அறுபத்தொரு வயசில், மகளைப் பார்க்கப் போவதற்கு ஒரு தெய்வத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து போகிறோமே என்று முதல் தடவையாக உறைத்தது. குடையோடு போனால் கோதாம்பரி என்ன செய்வாள்? விழுந்து கும்பிடுவாள். கோபம் இருந்தாலும் காட்ட முடியாது. போ என்று சொல்லவும் முடியாது. தேவியை யார் போ என்று சொல்வார்கள்?

எழுந்து குடையைக் கோயிலுக்குள் கொண்டுபோய், சுவரோரமாக நிறுத்தி, விளக்கேற்றினார். திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கடைக்காரருக்குக் குழப்பம்.

"அப்ப அந்தப் பொண்ணக் கூப்பிட அவ வரலியா?"

"இதுல அவளுக்குச் சம்பந்தமில்ல" என்றார் தர்வான் சிங்.

பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம். டாக்டர் மிக நன்று என்று எழுதிய முழங்கால் சளைக்கவில்லை, பயம்தான் கூடவே ஏறியது. தேவி பேரில் செய்த சத்தியத்தை உடைப்பவன் கதி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கண் போனவர்கள் உண்டு, மாடு கன்று மொத்தமாகச் செத்தவர்கள் உண்டு. மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் நின்று, எதைப் போடுவதானாலும் என் தலையில் போடு, பிள்ளைகள் பக்கம் போகாதே என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு மறுபடி நடந்தார்.

மிங்காட்டுக்கு சுபேதார் முந்தின சாயங்காலமே போன் போட்டுவிட்டிருந்தார். திட்டம் போடுகிறவர் அதையா விடுவார்? ஊர் எல்லையில் மொத்த ஊரும் திரண்டு நின்றது. மேளக்காரர்கள் இரண்டு பேர், சங்கு ஒருவர், சாம்பிராணிக் கரண்டியோடு மாப்பிள்ளை ஹுக்கும் சிங், எல்லாருக்கும் முன்னால் அட்சதைத் தட்டோடு கோதாம்பரி. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குட்டியாக ஒரு பெண். திருப்பத்தில் ஆள் தலை தெரிந்ததும் மேளம் முழங்கியது, சங்கு ஊதியது, பெண்கள் கை கூப்பினார்கள். வந்தது கூடையும் வியர்வையுமாக ஒரு கிழவர். மேளம் ஒவ்வோர் அடியாகக் குறைந்து நின்றுபோயிற்று.

ஊர்த் தலைவர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தேவி எங்க?" என்றார்.

"கீழ கோயில்ல இருக்கா."

"அப்ப உங்களக் கூட்டிட்டு வந்தது?"

"யாரும் கூட்டிட்டு வரல. நடந்து வந்தேன்."

ஹுக்கும் சிங் சாம்பிராணிக் கரண்டியை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் நின்றான். தர்வான் சிங் மகளுக்கு முன்னால் போய் நின்றார். நாலு வருஷத்தில் அவள் முகம் கொஞ்சம் இளைத்து, சதேஸ்வரியின் சாடை வந்திருந்தது. ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை. மடியில் இருந்து அழைப்பிதழை எடுத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"ஆவணியில யாத்திர. வீட்டுக்கு வா" என்றார்.

கோதாம்பரி தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாங்கினாள். அச்சடித்த எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்தாள். பிறகு அவர் கால்களைப் பார்த்தாள்.

"அப்ப சத்தியம்?"

"ஒடைச்சுட்டேன்."

அவள் அழைப்பிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மேளக்காரர்களில் பெரியவர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடியே, தேவிதான் வரவில்லையே, அடிக்கிறதா, வீட்டுக்குப் போகிறதா என்று ஊர்த் தலைவரைக் கேட்டார்.

கோதாம்பரி திரும்பிப் பார்த்தாள்.

"அடிங்க" என்றாள். "என் பொறந்த வீட்டிலேர்ந்து ஆள் வந்திருக்கு."